முகம் அறியவும் மொழி பேசவும் ஆகும் கணிப்புச் செலவு

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுச் செய்திகளில், முகப்படங்களை ஆராயும் கணினிப் பார்வைத் துறையும், பெரிய மொழி மாதிரிகளைக் குறைந்த செலவில் இயக்கிப் பல்லாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் தரும் துறையும் இப்போது அருகருகே பேசப்படுகின்றன. ஒரே ஆய்வுக்குழு இரண்டிலும் ஈடுபடுவதும் உண்டு. ஒன்று படத்தைப் பார்ப்பது, மற்றொன்று சொல்லை உருவாக்குவது என்பதால், இவற்றுக்குள் என்ன உறவு என்ற குழப்பம் எழுவது இயல்பு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வந்து சேரும் ஒவ்வொரு தரவுக்கும் எவ்வளவு கணிப்பை, அதாவது கணினியின் கணக்கிடும் வேலையை, செலவிட்டே ஆக வேண்டும், எதைச் செலவிடாமல் விடலாம்? விடைகளும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. விளைவுதான் வேறுபடுகிறது. மொழி மாதிரியில் செலவு இன்னும் பெரிய தடையாக நிற்கிறது. முகத்தேடலிலோ அந்தத் தடை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் முக அறிதல் குறித்த சட்ட விவாதங்களைப் பின்தொடர முடியாது.

## "முகம் அறிதல்" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள்

1. கண்டறிதல்: படத்தில் முகம் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது. அது யாருடைய முகம் என்ற கேள்வி இங்கே எழுவதில்லை.

2. நேராக்குதல்: இரண்டு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரங்கள் ஆகிய 5 புள்ளிகளைக் குறித்து, சாய்ந்த முகத்தைத் திருப்பி, ஒரே அளவுக்கு வெட்டுவது. இன்று பரவலாகப் பயன்படும் அளவு 112×112 பிக்சல்.

3. எண்ணாக்கம்: வெட்டிய முகத்தை, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நிரலான நரம்பு வலையமைப்பு ஒன்றின் வழியே செலுத்தி, நிலையான நீளமுள்ள எண் வரிசையாக, அதாவது திசையனாக மாற்றுவது.

4. ஒப்பிடுதல்: இரண்டு திசையன்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்கிட்டு, முன்பே வகுத்த வரம்பைத் தாண்டினால் "ஒரே ஆள்" என்று தீர்மானிப்பது.

சிக்கனம் என்ற எண்ணம் முதலில் தெளிவாக வெளிப்பட்டது கண்டறிதலில்தான். ஒரு படத்தில் முகம் எங்கே, எந்த அளவில் இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே சிறு சதுரச் சாளரம் ஒன்றைப் படம் முழுவதும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அளவிலும் "இது முகமா" என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரே படத்தில் இந்தக் கேள்வி பல்லாயிரம் முறை எழும்; ஏறக்குறைய எல்லா முறையும் விடை "இல்லை" என்பதே. 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் ஆகிய இருவரும் இந்தக் கேள்வியைப் பல கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் இரண்டே அம்சங்களைப் பார்க்கும்: கண்களின் பகுதி அதற்குக் கீழே உள்ள கன்னப் பகுதியைவிட இருண்டிருக்கிறதா, இரு கண்களுக்கும் நடுவே மூக்கின் மேற்பகுதி வெளிச்சமாக இருக்கிறதா. வெறும் சுவர், வானம், துணி போன்றவற்றில் பெரும்பாலானவை இங்கேயே கழிந்துவிடும். தப்பியவை மட்டும் அடுத்த, சற்றுக் கடினமான கட்டத்துக்குச் செல்லும். மொத்தம் 38 கட்டங்களில் 6,061 அம்சங்கள் இருந்தபோதும், ஒரு சாளரத்துக்குச் சராசரியாக 10 அம்சங்களைக் கணக்கிட்டாலே போதுமாக இருந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 3 கணினியில், 384×288 பிக்சல் படங்களில், நொடிக்கு 15 படம் என்ற வேகத்தில் முகங்களைக் காண முடிந்தது இதனால்தான்.

பின்னர் வந்த நரம்பு வலையமைப்புகள் சாய்ந்த, மறைந்த, மங்கிய முகங்களில் இம்முறையை வெகுவாக விஞ்சிவிட்டன. ஆனாலும் மலிவான சோதனையை முன்னால் நிறுத்தி, விலையுயர்ந்த சோதனையைத் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கும் அந்த எண்ணம் துறையை விட்டுப் போகவில்லை. மொழி மாதிரிகளிலும் அது திரும்பி வருவதைப் பின்னால் காண்போம்.

## எண்ணாக மாறிய முகம்

மூன்றாவது வேலையில் திருப்பம் 2014இல் வந்தது. அந்த ஆண்டு ஃபேஸ்புக்கின் டீப்ஃபேஸ், இரண்டு படங்களில் இருப்பது ஒரே ஆளா என்று கேட்கும் எல்எஃப்டபிள்யூ என்ற பொதுத் தேர்வுத் தொகுப்பில் 97.35 சதவீதம் சரியாக விடையளித்தது. 2015இல் கூகுளின் ஃபேஸ்நெட் 99.63 சதவீதத்தை எட்டியது. ஃபேஸ்நெட்டைப் பயிற்றுவித்த முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒரே ஆளின் இரண்டு படங்களையும் வேறோர் ஆளின் ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுத்து, முதல் இரண்டின் திசையன்கள் நெருங்கவும் மூன்றாவது விலகவும் வலையமைப்பைத் திருத்திக்கொண்டே செல்வார்கள். முடிவில் ஒரு முகம் 128 எண்களாகச் சுருங்குகிறது. பின்னர் வந்த ஆர்க்ஃபேஸ், இரண்டு ஆட்களின் திசையன்களுக்கு இடையே உள்ள கோணத்தில் கூடுதல் இடைவெளியைக் கட்டாயமாக்கியது. அதில் ஒரு முகத்துக்கு 512 எண்கள்.

512 எண்கள், எண்ணுக்கு 4 பைட். ஆக, ஒரு முகம் 2 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பிற்பகுதி இதன் மீதே நிற்கிறது.

99.63 என்ற எண்ணைப் படிப்போர் பலர் "ஏறக்குறைய பிழையே இல்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள். எல்எஃப்டபிள்யூ தேர்வில் இருப்பவை 6,000 ஜோடிப் படங்கள். அவற்றில் 3,000 ஜோடிகள் மட்டுமே வேறு வேறு ஆட்களுடையவை. 0.37 சதவீதப் பிழை என்றால் ஏறத்தாழ 22 ஜோடிகள் தவறாயின என்று பொருள். 3,000 ஜோடிகளை வைத்துக்கொண்டு "10 லட்சத்தில் ஒன்று" என்ற அளவிலான பிழையை அளக்கவே முடியாது. உண்மையான பயன்பாட்டில் தேவைப்படும் அளவுகோலோ அத்தகையதுதான்.

## ஒருவரோடு ஒப்பிடுவதும் கோடிப் பேரோடு ஒப்பிடுவதும்

கைபேசியின் பூட்டைத் திறப்பது ஒன்றுக்கு ஒன்று என்ற சரிபார்ப்பு. கேமராவில் பதிந்த அறியாத முகத்தை ஒரு பெரிய தொகுப்பில் தேடுவது ஒன்றுக்குப் பல என்ற அடையாளத் தேடல். செய்திகளில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆனால் இரண்டின் பிழைக்கணக்கும் ஒன்றல்ல.

வேறு இருவரைத் தவறாக ஒரே ஆள் என்று சொல்லும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கைபேசிக்கு இது மிகச் சிறந்த அளவு. இதே வரம்போடு 1 கோடி முகங்கள் உள்ள தொகுப்பில், அதில் இடம்பெறாத ஒருவரின் படத்தைத் தேடினால், சராசரியாக 10 தவறான பொருத்தங்கள் கிடைக்கும். அந்தப் பத்துப் பேரும் தேடப்படுபவரைப் போலவே தோற்றமளிப்பார்கள் என்பதுதான் ஆபத்து. ஏனெனில் தோற்ற ஒற்றுமைக்காகவே கணினி அவர்களைத் தேர்ந்தெடுத்தது. சரிபார்க்க அமரும் மனிதரின் கண்ணும் அதே ஒற்றுமையைக் கண்டு ஏமாறக்கூடும்.

வரம்பை உயர்த்தினால் தவறான பொருத்தம் குறையும். உண்மையான பொருத்தங்கள் தவறிப்போவது கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வரம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. வரம்பை எங்கே வைப்பது என்பது இதனால் பொறியியல் முடிவாக மட்டும் நிற்பதில்லை. யார்மீது எந்தப் பிழை விழலாம் என்ற தீர்ப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பிழை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் அடிக்கடி காட்டப்படுகின்றன. அவை வேறு வேறு வேலைகளைச் சோதித்தவை என்பது பல நேரங்களில் மறக்கப்படுகிறது.

1. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வணிகச் சேவைகள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் வேலையைச் சோதித்தது. கருமை நிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை சென்றது. வெளிர் நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. இது ஆளை அடையாளம் காணும் சோதனை அல்ல.

2. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, அடையாளம் காணும் 189 நிரல்களைச் சோதித்தது. ஒன்றுக்கு ஒன்று ஒப்பீட்டில், வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்குத் தவறான பொருத்தம் நிரலைப் பொறுத்து 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. எல்லா நிரல்களும் ஒரே அளவுக்குத் தவறவில்லை. மிகத் துல்லியமான சிலவற்றில் வேறுபாடு குறைவு.

## மொழி மாதிரியின் செலவு எங்கே போகிறது

மொழி மாதிரி எழுத்தை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாகப் பார்க்கிறது. கேள்வி வந்ததும் நடப்பவை இரண்டு. முதலில் கேள்வியின் எல்லா டோக்கன்களையும் ஒரே வீச்சில் படிக்கிறது. அதன் பின் பதிலை ஒவ்வொரு டோக்கனாக உருவாக்குகிறது. ஒரு டோக்கன் முடிந்தால்தான் அடுத்தது. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் செலவின் முடிச்சு இருக்கிறது.

2023இல் வெளியான லாமா 2 மாதிரிகளில் சிறியதில் ஏறத்தாழ 700 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கற்ற எண்கள், உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 14 ஜிகாபைட். ஒரே ஒரு டோக்கனை உருவாக்க இந்த 14 ஜிகாபைட்டும், பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் சில்லான ஜிபியுவின் நினைவகத்திலிருந்து கணிப்பு அலகுகளுக்கு ஒரு முறை வந்து செல்ல வேண்டும். 80 ஜிகாபைட் நினைவகமுள்ள ஏ100 ஜிபியு நொடிக்கு ஏறத்தாழ 2 டெராபைட்டை நகர்த்தும். ஆக, இதற்கு 7 மில்லிநொடி ஆகும். அந்த டோக்கனுக்கு உரிய பெருக்கலும் கூட்டலும் மட்டும் நடக்க 0.05 மில்லிநொடிகூடத் தேவைப்படாது. கணிப்பு அலகு பெரும்பாலான நேரம் தரவுக்காகக் காத்திருக்கிறது. மொழி மாதிரிச் சேவையின் பொறியியல் முழுவதும் இந்தக் காத்திருப்பைச் சுற்றியே வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

எளிய தீர்வு, அளவுருக்களை ஒரு முறை வரவழைத்துப் பலருடைய கேள்விகளுக்கு ஒருசேரப் பயன்படுத்துவது. இதற்குக் குறுக்கே நிற்பது கேவி கேச். புதிய டோக்கன் ஒன்றை உருவாக்கும்போது மாதிரி முந்தைய டோக்கன்கள் அனைத்தையும் திரும்பிப் பார்க்கிறது. அவற்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடாமல் இருக்க, ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு எண் வரிசைகளைச் சேமித்து வைக்கிறது. இந்தச் சேமிப்பே கேவி கேச். மேலே சொன்ன மாதிரியில் 32 அடுக்குகள், வரிசைக்கு 4,096 எண்கள், எண்ணுக்கு 2 பைட். ஆக, ஒரு டோக்கனுக்கு அரை மெகாபைட். 4,096 டோக்கன் நீளமுள்ள ஓர் உரையாடலுக்கு 2 ஜிகாபைட். 80 ஜிகாபைட்டில் மாதிரி 14ஐ எடுத்துக்கொண்டால், மீதியில் இத்தகைய முழுநீள உரையாடல்கள் 33 மட்டுமே இடம்பெறும்.

இந்த நெருக்கடியைத் தளர்த்த வந்த முறைகளில் முக்கியமானவை இவை:

1. தொடர் தொகுப்பு: முன்பு ஒரு தொகுப்பில் உள்ள கேள்விகளில் மிக நீளமான பதில் முடியும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். 2022இல் வெளியான ஓர்க்கா என்ற அமைப்பு, ஒவ்வொரு டோக்கன் சுற்றிலும் முடிந்தவற்றை வெளியேற்றிப் புதியவற்றைச் சேர்த்தது.

2. பக்க முறை நினைவகம்: பதில் எவ்வளவு நீளும் என்று தெரியாததால், முந்தைய அமைப்புகள் அதிகபட்ச நீளத்துக்கு உரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கின. பெர்க்லியில் உருவாகி 2023இல் வெளிவந்த விஎல்எல்எம் ஆய்வு, கேவி கேச்சுக்கு ஒதுக்கிய இடத்தில் 20.4 முதல் 38.2 சதவீதம் மட்டுமே உண்மையில் பயன்பட்டதை அளந்து காட்டியது. இயங்குதளங்கள் நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்துத் தேவைக்கேற்பக் கொடுப்பதைப் போலவே கேவி கேச்சையும் கொடுத்தபோது, அதே ஜிபியுவில் 2 முதல் 4 மடங்கு வேலை நடந்தது. பழைய கணினி அறிவியல் பாடம் ஒன்று இவ்வளவு பயன் தந்தது எண்ணிப்பார்க்கத் தக்கது.

3. எண்களைச் சுருக்குதல்: அளவுருவுக்கு 16 பிட்டுக்குப் பதில் 8 அல்லது 4 பிட் கொடுப்பது. நகர்த்த வேண்டிய பைட்டுகள் குறைவதால் வேகம் நேரடியாகக் கூடுகிறது.

4. ஊக முறை: சிறிய மாதிரி ஒன்று அடுத்த சில டோக்கன்களை ஊகித்து எழுதும், பெரிய மாதிரி அவை அனைத்தையும் ஒரே வீச்சில் சரிபார்க்கும். அளவுருக்கள் ஒரு முறை மட்டுமே நகர்வதால், ஊகம் பலித்த அளவுக்கு நேரம் மிச்சம்.

நான்காவது முறையை வயோலா–ஜோன்ஸின் பல கட்டச் சோதனையோடு ஒப்பிட்டால் உறவும் வேறுபாடும் ஒருங்கே தெரியும். இரண்டிலும் மலிவான சோதனை முன்னால் வருகிறது. ஆனால் அங்கே முதல் கட்டம் தவறுதலாகக் கழித்த முகம் என்றென்றைக்கும் தவறிப்போகும். அதை மீட்க எந்தக் கட்டமும் இல்லை. ஊக முறையிலோ சிறிய மாதிரியின் ஒவ்வொரு ஊகத்தையும் பெரிய மாதிரி பார்த்தே ஏற்கிறது. ஊகம் தவறினால் இழப்பது நேரத்தை மட்டும்தான், பதிலின் தரம் மாறாது. ஒரு சிக்கன முறையைப் பற்றிக் கேள்விப்படும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மலிவான கட்டம் செய்யும் தவறைப் பின்னால் யாராவது பார்க்கிறார்களா?

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. "வணக்கம்" என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள்; ஆக 21 பைட். ஆங்கிலத்தில் ஹலோ என்பதற்கு 5 பைட் போதும். ஆங்கிலம் மிகுந்த தரவில் உருவான டோக்கன் பட்டியல் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைப்பதால், அதே கருத்தைச் சொல்லக் கூடுதல் சுற்றுகளும் கூடுதல் கேச்சும் செலவாகின்றன.

## படம் மொழி மாதிரிக்குள் நுழையும்போது

படத்தையும் உரையையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் மாதிரிகளில்தான் இரு துறைகளும் நேரடியாகச் சந்திக்கின்றன. லாவா 1.5 என்ற திறந்த மாதிரி, படத்தை 336×336 பிக்சலாக்கி, 14 பிக்சல் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டுகிறது. பக்கத்துக்கு 24 சதுரம். மொத்தம் 576 டோக்கன்கள். லாமா 2 வழிவந்த சிறிய மாதிரியில், டோக்கனுக்கு அரை மெகாபைட் என்ற கணக்கில், ஒரு படம் மட்டும் 288 மெகாபைட் கேச்சைப் பிடிக்கிறது.

4,000 பிக்சல் அகலமுள்ள குழுப் படம் ஒன்றை இதற்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அதில் 200 பிக்சல் அகலமுள்ள முகம், படம் சுருங்கியபின் ஏறத்தாழ 17 பிக்சலாகிவிடும். ஒரு சதுரத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். கண்ணும் வாயும் ஒரே டோக்கனுக்குள் கலந்துபோன நிலையில், அந்த முகத்தின் உணர்ச்சியைப் பற்றிக் கேட்டால் மாதிரி சொல்லும் விடைக்கு மதிப்பில்லை. படத்தைப் பெரிதாகவே கொடுக்கலாம் என்றால், பக்கத்தை இரட்டிப்பாக்கும்போது டோக்கன்கள் நான்கு மடங்காகும், கேச்சும் அப்படியே. ஆகவே சிறிய, வேகமான முகக் கண்டறிவான் ஒன்றை முன்னால் வைத்து, முகப் பகுதிகளை மட்டும் தெளிவாக வெட்டி அனுப்புவது சிக்கனமானது. இரு ஆய்வுகளும் ஒரே குழுவின் மேசையில் வந்து சேர்வதற்கு இத்தகைய தேவைகளும் காரணம்.

## சுருக்கும்போது யார் இழக்கிறார்கள்

மாதிரியைச் சுருக்கினாலும் ஒட்டுமொத்தத் துல்லியம் ஏறக்குறைய மாறவில்லை என்று பல ஆய்வுகள் கூறும். 2020இல் சாரா ஹூக்கரும் உடன் ஆய்வாளர்களும் செலிப்ஏ என்ற முகப்படத் தொகுப்பை வைத்து இந்தக் கூற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்த எண் நிலையாக இருந்தபோதே, தொகுப்பில் குறைவாக இடம்பெற்ற பிரிவினரிடம் பிழை கூடியிருந்தது. காரணம் புரியாததல்ல: அடிக்கடி வரும் வகையைக் கற்க மாதிரிக்குள் நிறைய இடம் உண்டு, அரிதாக வருவதை அது சிறு மூலையில் வைத்திருக்கிறது, சுருக்கும்போது முதலில் உதிர்வது அந்த மூலை. சராசரியை மட்டும் வெளியிடும் சிக்கன ஆய்வை, குறிப்பாக முகம் தொடர்பானதை, முழுமையானதாக ஏற்க இயலாது என்பதே சரியான நிலைப்பாடு.

## 1 கோடி முகங்களும் 10 மில்லிநொடியும்

முன்பு குறித்துக்கொண்ட 2 கிலோபைட்டுக்கு இப்போது திரும்பலாம். 1 கோடி முகங்களின் திசையன்கள் மொத்தம் 20 ஜிகாபைட். மொழி மாதிரிக்குப் பயன்பட்ட அதே ஜிபியுவில் இவை முழுவதும் அடங்கி, முக்கால் பங்கு இடம் மீதமிருக்கும். நொடிக்கு 2 டெராபைட் என்ற அதே கணக்கில், அத்தனை முகங்களையும் ஒரு முறை ஒப்பிட்டு முடிக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி போதும். உரையாடல் மாதிரி ஒன்று ஒன்றரை டோக்கன் எழுதும் நேரத்தில், பெருநகர் ஒன்றின் மக்கள் அனைவருடனும் ஒரு முகம் ஒப்பிடப்பட்டுவிடும். தேடலை விரைவுபடுத்தும் நுட்பம் எதையும் சேர்க்காமலே இந்த நிலை.

இதன் விளைவுகள் சட்டத்திலும் நடைமுறையிலும் தெரிகின்றன:

1. 2021 நவம்பரில் ஃபேஸ்புக் தனது முக அறிதல் வசதியை நிறுத்தி, 100 கோடிக்கும் மேற்பட்டோரின் முகத் திசையன்களை அழிப்பதாக அறிவித்தது. படங்கள் அப்படியே இருந்தன. அழிக்கப்படவிருந்தவை அந்த எண் வரிசைகள்.

2. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், தவறான முகப் பொருத்தத்தின் அடிப்படையில் 2020 ஜனவரியில் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவ்வழக்கில் 2024இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முகத்தேடல் முடிவை மட்டும் வைத்து அந்நகரக் காவல்துறை யாரையும் கைது செய்யக் கூடாது. தேடல் தந்த பெயரை வைத்து உடனே சாட்சியிடம் படவரிசை காட்டி அடையாளம் கேட்டு, அதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கைது செய்வதற்கும் தடை உண்டு. கணினி ஏமாந்த அதே ஒற்றுமையில் சாட்சியும் ஏமாறலாம் என்பதை ஒப்புக்கொண்ட விதி இது.

3. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த தடைகளில் ஒன்று, இணையத்திலிருந்தோ கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்தோ இலக்கின்றி முகப்படங்களை அள்ளி முகத் தொகுப்பு உருவாக்குவதைப் பற்றியது. பொது இடங்களில் காவல்துறை நிகழ்நேரத்தில் முகத்தேடல் நடத்துவதற்கும் அச்சட்டம் கடும் வரையறைகளை விதித்திருக்கிறது. தேடலுக்கு ஆகும் நேரம் 10 மில்லிநொடியாகச் சுருங்கிய பிறகு, தடுத்து நிறுத்தக்கூடிய இடமாக எஞ்சியிருப்பது தொகுப்பு உருவாகும் முந்தைய கட்டம்தான். அந்தத் தடை அங்கே வைக்கப்பட்டிருப்பது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.